எங்கே கைதட்டலாம்?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலுக்கு அருகே, கடலோரத் தாழ்நிலத்தில் கிடக்கிறது பைராம் தோட்டம். இந்த வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, 20ஆம் நூற்றாண்டில் ரப்பர், இப்போது செம்பனை என்று பயிர் மாறி வந்திருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பெயருக்குச் சொந்த ஊர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். ராம்ஸ்டன் என்ற பாரனெட் குடும்பம் தன் பட்டத்தோடு சேர்த்து எழுதிக்கொண்ட ஊர்ப்பெயர்தான் பைராம். அக்குடும்பத்தின் ஐந்தாவது பாரனெட்டான சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டன் (1831–1914) செபராங் பிறையில் பெரும் கரும்புத் தோட்டங்களை வைத்திருந்தார். பக்கத்துக் கலிடோனியா தோட்டத்தின் பாழடைந்த மாளிகையை இன்றும் 99 கதவு வீடு என்று சொல்லிப் பேய்க்கதை பேசுகிறார்களே, அதுவும் அவர்கள் குடும்பத்துடையதாக இருந்ததுதான். சர் ஜானின் பேரன் 1948இல் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி எழுத வந்தவன் கரும்புக் கணக்கில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இதே ராம்ஸ்டன் குடும்பம் யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற நெசவாலை நகரத்தின் நிலத்தில் பெரும்பகுதிக்கும் சொந்தக்காரராக இருந்தது. 1920இல் நகராட்சி 13 லட்சம் பவுன் கொடுத்து அந்த நிலத்தை அவர்களிடமிருந்து வாங்கியது. தன்னைத் தானே விலைக்கு வாங்கிய ஊர் என்று அதற்குப் பெயர். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு இன்னொரு பெயரும் உண்டு: பாட்டுக்கார ஊர். அங்கே 1836இல் தொடங்கிய சேர்ந்திசைச் சங்கம் இன்றுவரை ஹாண்டலின் ‘மெசையா’வைப் பாடிவருகிறது. 1881இல் திறந்த நகர மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ராக்கள் வந்து வாசிக்கின்றன. அந்தச் சங்கத்தில் பாடியவர்களில் ஆலைத் தொழிலாளிகளும் கைவினைஞர்களும் இருந்தார்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு ஹாண்டல் எப்படிச் சொந்தமானார்? அவர் காது நம் தோட்டத்துக் காதைவிட உயர்ந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. மூன்று காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. பிராட்டஸ்டண்ட் சபைகளில் எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஜான் கர்வன் 1840களில் பரப்பிய டோ-ரே-மீ எழுத்து முறை, ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரியாதவரையும் பாட வைத்தது. நொவெல்லோ பதிப்பகம் அதே காலத்தில் பெரிய இசைப் படைப்புகளை மலிவு அச்சில் விற்றது. ஆக, வழக்கமும் எழுத்து முறையும் கைக்கெட்டும் விலையில் புத்தகமும் சேர்ந்தன. அதே நிலக்காரரின் இன்னொரு சொத்தில், கடல் கடந்து ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர்கள் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று கரும்பு வெட்டினார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் நின்றது. அவர்களிடமும் கூடிப் பாடும் வழக்கம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவும் உறுமியும் தெருக்கூத்தும் உடன் வந்தன. தோட்டத்தில் கோவில் எழுந்தது, கள்ளுக்கடை எழுந்தது, பிறகு தமிழ்ப் பள்ளியும் வந்தது. மலிவு இசைப் புத்தகமும் நகர மண்டபமும் மட்டும் வரவில்லை.

அதனால்தான் ‘மேற்கத்திய இசை நமக்குப் புரியாது’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. புரியாமை காதில் இல்லை. இன்னும் சொன்னால், தோட்டத் தமிழரின் காது ஆர்கெஸ்ட்ராவுக்குப் பல பத்தாண்டுகளாகப் பழகிய காது. ‘புதிய பறவை’ (1964) படத்துக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி கூட்டிய வாத்தியக் குழுவின் அளவைப் பற்றி இன்றும் வியந்து பேசுகிறோம். மின்னல் எஃப்.எம். ஆவதற்கு முன் வானொலி ஆறு என்றிருந்த அலைவரிசையிலும், கோவில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியிலும், செல்லோவும் ஹார்னும் கிளாரினெட்டும் லயத்து வீடுகளுக்குள் நுழைந்துகொண்டுதான் இருந்தன. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஒலிநாடாவை வாங்கியவர்கள் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக் யார் என்று தெரிந்துகொண்டு வாங்கவில்லை. சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) காலத்திலிருந்தே தமிழகத்துக் காது இப்படிக் கடன் வாங்கிப் பழகியது.

கேட்டுப் பழகிய அந்த ஓசையை நேரில் உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும்? மலேசியாவில் அதற்கு முதன்மையான இடம் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கு. பைராமிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பாரிட் புந்தாரில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் ஒரு மதியப்பொழுது போய்விடும். இரட்டைக் கோபுரத்தின் அடியில், எண்ணெய்ப் பணத்தில் எழுந்த இந்த அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998 ஆகஸ்ட் 17 அன்று கீஸ் பாக்கல்ஸ் தலைமையில் முதல் கச்சேரி செய்தது. ஆசிய நிதி நெருக்கடியில் ரிங்கிட் விழுந்து கிடந்த நேரம் அது. பல நாட்டுக் கலைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஒரே வீச்சில் உருவாக்கிய குழு. தொடக்க காலத்தில் மாலைக் கச்சேரிக்குக் கோட்டு அல்லது முழுக்கைப் பாத்தேக் சட்டை போட்டு வரவேண்டும் என்ற விதியும் இருந்தது. அந்த விதி யாரை வெளியே நிறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. பினாங்கிலேயே கேட்க விரும்பினால் பத்து கவானில் இரண்டாவது பாலம் ஏறி (2014 மார்ச்சில் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர்) ஜார்ஜ் டவுனுக்குப் போகலாம். டேவான் ஸ்ரீ பினாங்கில் பினாங்கு பில்ஹார்மோனிக் வாசிப்பதுண்டு. அந்த ஊருக்குப் பியானோ புதிதும் அல்ல. லண்டனில் பேரெடுத்த டென்னிஸ் லீ பிறந்தது பினாங்கில்தான். ஜாஸ் பியானோ வாசித்து, ‘புத்ரா புத்ரி’ போன்ற நாட்டுப்பற்றுப் பாடல்களுக்கு மெட்டுப்போட்ட ஜிம்மி பாயிலும் பினாங்குக்காரர்.

விருந்தினராக ஒரு பியானோ கலைஞர் வரும் கச்சேரிக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதலில் சிறிய படைப்பு ஒன்று. பிறகு பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ. இடைவேளை. அதன் பிறகு சிம்பொனி. முதல் உருப்படி முடிந்ததும் நடக்கும் வேலையைக் கவனிக்க வேண்டும். வயலின்காரர்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வழிவிட, மேடைப் பணியாளர்கள் பியானோவை உருட்டி நடுவே கொண்டுவருகிறார்கள். கச்சேரிப் பியானோவின் நீளம் 274 சென்டிமீட்டர், எடை 480 கிலோ அளவில். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பிகளின் மொத்த இழுவிசை 20 டன்னுக்குக் குறையாது. அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். 1700 வாக்கில் பிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோக்களில் அந்தச் சட்டம் இல்லை, இன்றைய ஓங்கிய குரலும் இல்லை. மூடியை நீண்ட கோலால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பார்கள். மூடியின் உட்பக்கம் ஒலியைச் சபைப் பக்கம் திருப்பிவிடும். அதனால்தான் கலைஞர் எப்போதும் தன் வலப்பக்கத்தைச் சபைக்குக் காட்டி உட்காருகிறார். விரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் அரங்கின் இடப்புறத்தில் சீட்டு வாங்குங்கள். விலை குறைந்த மேல்வரிசையானாலும் பரவாயில்லை. பிறகு முதல் வயலின்காரர் எழுந்து பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி ‘ஏ’ சுரம் கொடுக்கிறார். வேறு கச்சேரியில் ஓபோ கொடுக்கும் சுரம் அது. பியானோ மேடையில் இருக்கும்போது எல்லாரும் அதற்குத்தான் சேரவேண்டும், ஏனென்றால் அதன் சுருதியை அந்த நேரத்தில் யாராலும் மாற்ற முடியாது.

பியானோக்காரரின் தலைவிதி ஒன்றையும் இங்கே சொல்லலாம். வயலின் கலைஞர் தன் வாத்தியத்தோடு விமானம் ஏறுகிறார். பியானோ கலைஞர், ஹொரோவிட்ஸ் போன்ற சிலரைத் தவிர, வெறுங்கையோடு வந்து அரங்கில் இருப்பதை வாசிக்கிறார். ஓரிரு ஒத்திகைக்குள் அந்த வாத்தியத்தின் கட்டை எவ்வளவு கனம், மேல்ஸ்தாயி எவ்வளவு கூர்மை, மிதிகட்டை எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் ஈரப்பதம் வேறு. காற்றில் ஈரம் ஏறினால் பியானோவின் ஒலிப்பலகை உப்பும், கம்பிகள் இறுகிச் சுருதி ஏறும். குளிர்சாதனத்தை நிறுத்திப் போட்டால் சுருதி கலையும். வீடுகளில் பியானோ வைத்திருப்பவர்கள் உள்ளே சிறிய சூட்டுக்கம்பி ஒன்றைப் பொருத்திவைப்பது இதற்காகத்தான். கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பவர் செய்யும் வேலையைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. இடைவேளைக்கு முன் வாசிப்பவர் நன்றாக வாசித்தால் அதில் அவருக்கும் பங்குண்டு.

எண்பது பேர் வாசிக்கும் கூட்டத்துக்கு எதிரே ஒரு பியானோ எப்படித் தாக்குப்பிடிக்கிறது? முழு பலத்தோடு மோதினால் அது மூழ்கிவிடும். மோதாமல் இருக்கும்படி எழுதுவதில்தான் இசையமைப்பாளரின் சாமர்த்தியம். இதற்கு பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோவின் நடுப்பகுதியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. வியன்னாவில் 1808 டிசம்பர் 22 அன்று, கடுங்குளிரில் நான்கு மணி நேரம் நீண்ட கச்சேரியில் பீத்தோவனே அதைச் சபைக்கு முன் வாசித்தார். அந்தப் பகுதியில் ஊதுவாத்தியங்களும் டிம்பனியும் வாய் மூடி இருக்கின்றன. தந்தி வாத்தியங்கள் மட்டும் எல்லாம் ஒரே சுரத்தில், வெட்டி வெட்டி, உரக்க ஒரு வாக்கியம் சொல்கின்றன. பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் அதட்டுவதைப் போல. பியானோ அதற்கு எதிர்வாதம் செய்வதில்லை. மிதிகட்டையால் குரலைத் தணித்துக்கொண்டு, வேறு எதையோ நினைத்தபடி, மெதுவாகப் பாடுகிறது. மறுபடி அதட்டல், மறுபடி அதே பணிவான பாட்டு. ஒவ்வொரு முறையும் அதட்டலின் நீளம் குறைகிறது, குரல் இறங்குகிறது. கடைசியில் தந்திகள் கிசுகிசுப்பாகி, பியானோ மட்டும் தன் துக்கத்தை முழுக்கச் சொல்லி முடிக்கிறது. மொத்தம் ஐந்து நிமிடம். முன்னறிவு எதுவும் இல்லாதவரும் இதைக் கேட்டு யார் வென்றது என்று சொல்லிவிடுவார்.

பல கான்செர்ட்டோக்களில் முதல் பகுதியின் கடைசியில் வேறொரு விஷயம் நடக்கும். ஆர்கெஸ்ட்ரா ஒரு சுரக்கட்டில் வந்து நின்றுவிட, இசை நடத்துநர் கையை இறக்கிக்கொள்ள, பியானோ தனியே புறப்படும். அதற்குக் காடென்ஸா என்று பெயர். கர்நாடகக் கச்சேரி கேட்டவர்களுக்குத் தனி ஆவர்த்தனம் நினைவுக்கு வரும். வேறுபாடு தாளத்தில்: மிருதங்கத்தின் தனி தாளத்துக்குள் நடக்கிறது, காடென்ஸா தாளத்தைவிட்டு வெளியே வந்து உலாவுகிறது. முடிவை அறிவிக்கும் உத்தி இரண்டிலும் உண்டு. இங்கே மோராவும் கோர்வையும். அங்கே, மொசார்ட் காலத்துக் கான்செர்ட்டோவில், இரண்டு பக்கத்துச் சுரங்களை மாறிமாறி அதிரவிடும் நீண்ட உருட்டல். அது கேட்டதும் எல்லாரும் தங்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் காடென்ஸா ஒரு காலத்தில் முழுக்கவும் மனோதர்மமாக இருந்தது. பீத்தோவன் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை 1803 ஏப்ரல் 5 அன்று வாசித்தபோது பக்கம் புரட்ட உட்கார்ந்த ஸைஃப்ரிட், பியானோ வரிகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்ததையும், அங்கங்கே புரியாத கிறுக்கல்கள் மட்டும் தெரிந்ததையும் பின்னால் எழுதிவைத்தார். காடென்ஸா மட்டும் என்ன, பியானோ பாகமே பெரும்பகுதி மனசில்தான் இருந்தது. அதே பீத்தோவன் 1809இல், காது வெகுவாக மங்கிய நிலையில், தன் பழைய கான்செர்ட்டோக்களுக்குக் காடென்ஸாக்களை எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு எழுதிய ஐந்தாவது கான்செர்ட்டோவில், இந்த இடத்தில் சொந்தக் காடென்ஸா வேண்டாம், எழுதியிருப்பதையே தொடர்ந்து வாசி என்று ஏட்டிலேயே கட்டளையிட்டார். தன்னால் மேடையேறி வாசிக்க முடியாத படைப்பில் இன்னொருவர் கற்பனை புகுவதை அவர் விரும்பவில்லை என்று நான் நினைக்கிறேன். அதன் பிறகு வந்த பெரும் கான்செர்ட்டோக்களில் கற்பனைக்கு இடம் சுருங்கிக்கொண்டே போனது. இன்று நாம் கேட்கும் காடென்ஸாக்களில் அநேகம் மனப்பாடம். அந்தப் பழைய கதவு முற்றிலும் மூடிப்போகவும் இல்லை. 1998இல் பிறந்த மலேசியக் கலைஞர் தெங்கு இர்ஃபான் சிறுவனாக மலேசிய பில்ஹார்மோனிக்கோடு பீத்தோவன் வாசித்தபோது காடென்ஸாவை மேடையிலேயே கற்பனை செய்து வாசித்தார்.

பியானோ நம் காதுக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதற்குக் கமகம் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இருக்கும் இடத்தில்தான் தோடியும் சகானாவும் குடியிருக்கின்றன, அந்த இடத்துக்குப் பியானோவில் வழியில்லை. கட்டை வாத்தியத்தின் மேல் இருந்த இந்தக் கோபத்தில்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1970களில்தான் அந்தத் தடை தளர்ந்தது. பியானோ அந்தக் குறையை வேறு வழியில் ஈடு செய்கிறது: ஒரே நேரத்தில் பத்து சுரம், அவற்றில் ஒன்றை மட்டும் ஓங்கவிட்டு ஒன்பதைப் பின்னுக்குத் தள்ளும் விரல் எடை, அடித்த ஒலி தேய்ந்து அடங்கும்வரை மிதிகட்டையால் அதைக் கலப்பது. ராகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேலே என்ன பாடுகிறது என்பதை விட்டுவிட்டு இடது கை கீழே என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிடித்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

இனி அந்தச் சங்கடமான கேள்வி. கான்செர்ட்டோவுக்குப் பெரும்பாலும் மூன்று பகுதிகள்: வேகம், நிதானம், வேகம். ஒரு பகுதி முடிந்ததும் சபை அசையாமல் இருக்கிறது, சிலர் இருமுகிறார்கள், யாரும் கைதட்டுவதில்லை. புதிதாகப் போனவர் தட்டிவிட்டால் நாலு தலை திரும்பும். பாதிப் பேரை இந்த அரங்குகளுக்கு வரவிடாமல் செய்வது இந்த நாலு தலைதான். சங்கதி விழுந்ததும் ‘பலே’ சொல்லி, தொடையில் தாளம் போட்டு, நாகஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையாட்டிக் கேட்டவருக்கு இந்த மௌனம் அவமரியாதையாகக்கூடத் தோன்றலாம்.

ஆனால் மொசார்ட்டும் அப்படித்தான் நினைத்திருப்பார். 1778 ஜூனில் பாரிஸில் தன் சிம்பொனி ஒன்று அரங்கேறியதைப் பற்றி அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், முதல் பகுதியின் நடுவிலேயே சபை கைதட்டியதையும், அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தே எழுதி, முடிவில் அதை மறுபடி கொண்டுவந்ததையும் பெருமையாகச் சொல்கிறார். கச்சேரி முடிந்ததும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். மௌனம் பிறகு வந்தது. மெண்டல்சன் போன்றவர்கள் பகுதிகளுக்கு இடையே நிறுத்தாமல் வாசிக்கும்படி எழுதத் தொடங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாக்னரின் பைராய்த் அரங்கு இருட்டில் அடங்கி உட்காரும் சபையை உருவாக்கியது. 20ஆம் நூற்றாண்டு அதை எல்லா ஊருக்கும் ஒழுக்கமாக்கியது. அதாவது, இந்த ஒழுக்கத்துக்கும் தோட்டத்து லயத்து வீடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மௌனத்தால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். நான்காவது கான்செர்ட்டோவின் அந்த ஐந்து நிமிடம் முடிந்த கணமே, இடைவெளி விடாமல், தந்திகள் மிகத் தணிந்த குரலில் மூன்றாம் பகுதியைத் தொடங்கிவிடுகின்றன. அங்கே யாராவது தட்டினால் எனக்கும் கோபம் வரும். அதே படைப்பின் முதல் பகுதி முடிவில் தட்டுவதை நான் குற்றமாக எண்ணவில்லை.

இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அரங்கேறியபோது, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நம்மவர்கள் கைதட்டினார்கள். தட்டக்கூடாது என்பது மரபு என்றும், தட்டியதைக் கண்டு வாசித்தவர்கள் வியந்தார்கள் என்றும் சென்னை திரும்பியதும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இணையத்தில் சிலர் அதற்காக வெட்கப்பட்டார்கள். அந்தச் சபையில் தமிழர்கள் இருந்தார்கள் என்பதைவிட, ஓர் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னே தாங்கள் விருந்தாளி என்ற கூச்சம் இல்லாமல் இருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. மேடையில் இருந்தது அவர்களுக்குத் தெரிந்த கை எழுதிய இசை.

முதல்முறை போகிறவர் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். நான்காவது கான்செர்ட்டோவை வீட்டில் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போங்கள். இடப்பக்கம் உட்காருங்கள். தாமதமாகப் போகாதீர்கள், உருப்படி முடியும்வரை கதவு திறக்கமாட்டார்கள். நடத்துநரின் கை முழுதாக இறங்கி, பியானோக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டால் தாராளமாகத் தட்டலாம். விடாமல் தட்டினால் அவர் திரும்பி வந்து ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் தனியாக இன்னொரு சிறிய உருப்படி வாசிப்பார். நிகழ்ச்சித் தாளில் அதன் பெயர் இருக்காது. சில இரவுகளில் அதுதான் கச்சேரியிலேயே நல்ல உருப்படியாக இருக்கும்.